மாட்டுக் குழாய் மறைத்த பிழை: பெருநாடித் தையலும் பயிற்சி விலங்கும்

பெருநாடியைப் பூட்டியிருந்த கிளாம்பை (இடுக்கியை) மெல்லத் தளர்த்தினேன். முதல் இரண்டு துடிப்புக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது துடிப்பில், பெருநாடியில் தைத்த செயற்கைக் குழாயான கிராஃப்டின் பின்பக்கத்திலிருந்து இரத்தம் ஊறி, முள்ளந்தண்டை ஒட்டிய குழிக்குள் நிரம்பத் தொடங்கியது. இதயத்திலிருந்து உடம்பெங்கும் இரத்தம் கொண்டுபோகும் பெருநாடியின் பின்சுவரில் வருகிற கசிவுக்குத்தான் நாங்கள் எல்லோரும் பயப்படுவோம். முன்பக்கம் என்றால் கண்ணுக்கு நேரே இருக்கும், ஒரு தையலோடு முடிந்துவிடும். பின்பக்கத்தைப் பார்ப்பதற்குப் போட்ட இணைப்பையே தூக்கிப் பிடிக்க வேண்டும். தூக்கினால் கிழிசல் பெரிதாகும்.

"தம்பி, கையை நிப்பாட்டும். ஒண்டும் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கிளாம்பைத் திரும்பவும் பூட்டினேன்.

தைத்தவர் என்னிடம் சத்திரசிகிச்சைப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த வைத்தியர், ரெஜிஸ்ட்ரார். கெட்டிக்காரர். அதற்கு முந்திய ஏழு சனிக்கிழமைகளிலும் மாட்டுப் பெருநாடியில் அவர் போட்ட தையல்களில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கசிந்ததில்லை. அப்படிப்பட்டவருடைய தையல் மனித உடம்பில் ஏன் அறுத்தது? அதற்கு விடை தேடிப் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். விடையில் பாதி அவருடைய கையில் இருந்தது. மற்றப் பாதி பயிற்சிக்கு நாங்கள் எடுத்த விலங்கில் இருந்தது. அந்த விலங்கைத் தேர்ந்தெடுத்தவன் நான்.

நோயாளி

வயது 67, ஆண், யாழ்ப்பாணத்து வலிகாமத்துத் தோட்டக்காரர். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். விடலைப் பருவத்திலிருந்து சுருட்டுப் பிடிப்பவர். சிறுநீர் கழிப்பதில் வந்த சிரமத்துக்காக எடுத்த வயிற்று ஸ்கானில் தற்செயலாகப் பெருநாடி வீக்கம் தெரிந்தது. சிறுநீரக நாடிகளுக்குக் கீழே 6.4 சென்ரிமீற்றர். அந்த இடத்தில் பெருநாடி சாதாரணமாக 2 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். 3 ஆனால் வீக்கம் என்கிறோம். ஆண்களில் 5.5ஐத் தொட்டால், வெடித்துவிடும் ஆபத்து சத்திரசிகிச்சையின் ஆபத்தைவிட மேலோங்குகிறது என்பதால் அறுவைக்கு யோசிக்கிறோம். வீக்கம் வரக் காரணமாகும் வயது, ஆண், புகைபிடித்தல் மூன்றும் சேர்ந்த ஆள் இவர். வீக்கத்துக்கு மேலே உள்ள கழுத்துப் பகுதி குட்டையாகவும் கோணலாகவும் இருந்ததால் தொடை வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் வைக்க முடியாது. வயிற்றைத் திறந்துதான் ஆக வேண்டும்.

அறுவை வழமையான ஒழுங்கில்தான் போனது. இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுத்து, மேலும் கீழும் கிளாம்ப் பூட்டி, வீக்கத்தைத் திறந்தோம். உள்ளே அடுக்கடுக்காக உறைந்திருந்த கட்டியை வழித்தெடுத்ததும், பின்சுவரில் உள்ள இடுப்பு நாடிகளின் வாய்களிலிருந்து இரத்தம் திரும்பிப் பீறியது. அவற்றை உள்ளேயிருந்தே தைத்து அடைத்தோம். அப்புறம் டாக்ரோன் துணிக் கிராஃப்ட். மேல் இணைப்பை 3-0 புரோலின் நூலால் பின்சுவரிலிருந்து தொடங்கினார் ரெஜிஸ்ட்ரார். கிராஃப்டில் வெளியிலிருந்து உள்ளே, பெருநாடியில் உள்ளேயிருந்து வெளியே. ஊசி இந்தத் திசையில் போனால்தான் பெருநாடியின் உள்படை சுவரோடு அழுந்தி நிற்கும். மறுதிசையில் குத்தினால் காறை பெயர்வதுபோலக் கழன்றுவிடும்.

அவருடைய கடிகள் (ஊசி ஒவ்வொரு முறையும் சுவரில் பிடிக்கும் இடம்) அளவாகத்தான் இருந்தன, இடைவெளியும் சரி. ஆனால் ஒவ்வொரு முறையும் ஊசி வெளியே வந்ததும் அதைச் சற்று மேலே தூக்கி இழுத்தார். நான் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு நூலைப் பிடித்திருந்தேன். எனக்கும் அப்போது அது உறைக்கவில்லை. அந்த நோயாளியின் பெருநாடி ஒரு பக்கம் சுண்ணாம்பு படிந்து கடினமாகவும், மறுபக்கம் நைந்த துணிபோலவும் இருந்தது. நைந்த பக்கத்தில், அவித்த முட்டையை நூலால் அறுப்போமே, அப்படி இரண்டு கடிகளில் நூல் சுவருக்குள் இறங்கியிருந்தது.

"மிஸ், பிளெட்ஜட் தாங்கோ" என்று கேட்டு வாங்கி, ஃபெல்ற் துண்டுகள் வைத்து மூன்று தையல் போட்டேன். கசிவு நின்றது. மேலதிகமாக ஏறக்குறைய இருபது நிமிடம் கிளாம்ப் பூட்டியிருந்தது. நோயாளி நல்லபடியாக வீடு போனார். ஆனால் சிறுநீரகம் இரண்டு நாள் சோர்ந்திருந்தது. அந்த இரண்டு நாளும் அவருடைய சிறுநீர்ப் பையை நாங்கள் மணிக்கு மணி பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் நாள் இரவு வார்டு வாசலில் ரெஜிஸ்ட்ரார் கேட்டார்: "சேர், நான் எங்க பிழை விட்டனான்? சனிக்கிழமைகளிலயும் இப்பிடித்தானே தைச்சனான்?"

அந்த இரண்டாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் போனோம்.

சனிக்கிழமைகள்

நல்லூருக்குக் கிட்ட, நண்பர் ஒருவருடைய வீட்டின் பின் விறாந்தைதான் எங்கள் இடம். சீமெந்து மேசை, தண்ணீர்க் குழாய், கூரை வளையில் ஒரு கொக்கி. கொக்கியில் சேலைன் பையைத் தொங்கவிடுவோம். பையில் உள்ள நீர்மட்டம் மேசையிலிருந்து 136 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால், கீழே குழாய்க்குள் 100 மில்லிமீற்றர் பாதரச அழுத்தம் கிடைக்கும். மனிதரின் சராசரி நாடி அழுத்தத்துக்கு அது கிட்ட வந்துவிடும். கசிவு கண்ணுக்குத் தெரிவதற்காகச் சேலைனில் சிவப்புக் கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை. தைத்த குழாயை வெள்ளைத் துவாயின்மேல் வைத்து மூடியைத் திறந்தால், பிழை விட்ட இடமெல்லாம் துவாயில் சிவப்புப் பொட்டாகத் தெரிந்துவிடும்.

குழாய்கள் ஐந்துசந்திப் பக்கம் இறைச்சிக்கடை வைத்திருக்கும் ஒரு நானாவிடமிருந்து வந்தன. முதல் நாள் போய்க் கேட்டபோது அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இது நாய்க்குப் போடுறது டொக்டர், உங்களுக்கு எதுக்கு?" என்றார். விளங்கப்படுத்தியதும், இதயம் நுரையீரலோடு சேர்ந்த குலையை அறுக்கும்போது குழாயைக் கூடிய நீளத்துக்கு விட்டு வெட்டித் தரத் தொடங்கினார். இறைச்சிப் பரிசோதகர் இதயத்தைக் கீறிப் பார்ப்பதால் வால்வுப் பயிற்சிக்கு அந்த இதயங்கள் உதவா. குழாய்க்கு ஒரு குறையுமில்லை. எந்த மிருகத்தையும் எங்களுக்காக அறுக்கவில்லை. இறைச்சிக்கு அறுத்ததில் எறிகிற பகுதியை மட்டும் எடுத்தோம். இந்த ஏற்பாட்டில் எனக்கு இன்றைக்கும் நிறைவு உண்டு.

வீட்டுக்கு வந்ததும் கொழுப்பை உரித்தெடுக்க வேண்டும். கீழ்நோக்கி இறங்கும் பெருநாடியின் முதுகில், விலா எலும்புகளுக்குப் போகிற கிளைகள் சோடி சோடியாக, புல்லாங்குழலின் துளைகள்போல வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றையும் பட்டு நூலால் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் தண்ணீர் திறந்ததும் எல்லாத் துளையிலிருந்தும் ஒரே நேரத்தில் பீறும். புதிதாக வருகிறவர் எல்லோருக்கும் முதல் நாள் இதுதான் பாடம். வேறெதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீக்கத்தைத் திறக்கும்போது பின்சுவர் நாடிகளை முதலில் தேட வேண்டும் என்பது அந்த ஒரு நாளிலேயே கைக்கு வந்துவிடும்.

குழாய்களை ஐஸ் போட்ட சேலைனில் வைத்து ஒரு நாளுக்குள் பாவிப்போம். ஃபோர்மலின் கூடாது, சுவர் அட்டைபோல விறைத்துவிடும். தனி பிரிட்ஜ், தனிக் கருவிகள், இரட்டைக் கையுறை. பாவித்த ஊசியோ கத்தரியோ தியேட்டர் பக்கம் போகக்கூடாது என்பதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

நான்கு பேர் வந்தார்கள். மூவர் மாட்டுக் குழாயில் தைத்தார்கள். நான்காமவர் ஒரு பெண் வைத்தியர், சைவ சமயக் குடும்பம். மாட்டைத் தொட மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவருக்கு ஆட்டுக் குழாய் எடுத்துக் கொடுத்தோம். பன்றியை நான் ஆரம்பத்திலேயே விட்டுவிட்டேன். அளவிலும் சுவரின் தன்மையிலும் அது மனிதனுக்கு மிகக் கிட்ட வரும். ஆனால் குழுவில் ஒருவர் முஸ்லிம், நானாவும் முஸ்லிம். யாழ்ப்பாணத்தில் விலங்கு மாதிரியைத் தேர்ந்தெடுக்கும்போது உடற்கூற்றை மட்டும் பார்க்க முடியாது. மேசையைச் சுற்றி நிற்கிறவர்களுடைய மனத்தையும் பார்க்க வேண்டும். இதை யாரும் ஒரு தடையாக எண்ண வேண்டாம். எங்களைக் காப்பாற்றியதே அதுதான், பின்னால் சொல்கிறேன்.

இடையில் நல்லூர்த் திருவிழா வந்தது. 25 நாளும் பல வீடுகளில் மச்ச மாமிசம் இல்லை. ஆட்டிறைச்சிக்கு ஆளில்லாததால் ஆடு அறுப்பதும் குறைந்தது. அந்தப் பெண் வைத்தியரும் விரதம் என்று வரவில்லை. மற்ற மூவரும் மாட்டிலேயே தொடர்ந்தார்கள். திருவிழா முடிந்த கையோடுதான் மேலே சொன்ன சத்திரசிகிச்சை.

போனில் இருந்த சாட்சி

பயிற்சிகளை யாரோ ஒருவர் போனில் படம் பிடிப்பது வழக்கம். வார்டு வாசலில் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு, இருவருமாக உட்கார்ந்து அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம்.

தையல் ஊசி வளைந்தது. அது எந்த வட்டத்தின் துண்டோ அந்த வட்டத்தின் வழியே மணிக்கட்டு சுழன்றால், ஊசி போட்ட துளை ஊசியின் பருமனிலேயே நிற்கும். ரெஜிஸ்ட்ராரின் மணிக்கட்டு பாதிவரை சுழன்றது. பிறகு நின்றுவிட்டது. மீதியைத் தள்ளி, நுனி தெரிந்ததும் பிடித்து மேலே தூக்கினார். அப்படித் தூக்கும்போது துளை ஒரு பக்கமாகக் கீறி நீள்கிறது. மாட்டுப் பெருநாடியின் சுவர் சைக்கிள் டயர் மாதிரி. கீறினாலும் அந்தத் தடிப்பு நூலைச் சுற்றி இறுகி மூடிக்கொள்ளும். தண்ணீர் திறந்தால் துவாய் வெள்ளையாகவே இருக்கும். நாங்களும் "அருமை" என்று சொல்லி அடுத்த குழாயை எடுத்துக் கொடுத்தோம். ஏழு வாரம் அந்தப் பிழையை நாங்களே பாராட்டி வளர்த்திருக்கிறோம். மனித இதயப் பக்கத்துப் பெருநாடியின் சுவரே ஏறக்குறைய 2 மில்லிமீற்றர்தான். வளர்ந்த மாட்டின் சுவர் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு தடிப்பு. நோயுற்ற மனிதச் சுவரோ தடிப்பாக இருந்தாலும் வலுவில்லாதது. இது எல்லாமே எனக்குத் தெரியும். தெரிந்தும் குழாயின் வாய் அகலமாக, தைக்க இலகுவாக, மலிவாகக் கிடைக்கிறதே என்று மாட்டை எடுத்தேன்.

அதே படத்தில் மேசையின் மறு மூலையில் அந்தப் பெண் வைத்தியர் தைப்பது தெரிந்தது. ஆட்டுக் குழாய் சிறியது, மெல்லியது. டயருக்குப் பக்கத்தில் ரியூப் மாதிரி. முதல் சில வாரங்கள் அவருடைய துவாய் முழுக்கச் சிவப்பாக இருந்தது. அவருக்குக் கை இன்னும் வரவில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். நானும்தான். படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, நான்காம் வாரத்தில் அவருடைய மணிக்கட்டு கடைசிவரை சுழல்கிறது. நூலை இழுக்கும்போது விரலால் சுவரை அணை கொடுக்கிறார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கிழிந்து கிழிந்து ஆடுதான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

ஒரே ஒரு நோயாளி, ஒரே ஒரு ரெஜிஸ்ட்ரார். அறுவை நீண்டு எல்லோரும் களைத்திருந்த நேரம் அது, சுவரும் மோசம், நூலைப் பிடித்திருந்தவன் நான் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனாலும் படத்தில் உள்ள கையும் தியேட்டரில் பார்த்த கையும் ஒன்றுதான்.

விலங்கு காட்டுவதும் மறைப்பதும்

பெருநாடி சத்திரசிகிச்சை முழுவதும் விலங்கின்மேல் கட்டப்பட்டது. 1894இல் பிரான்சின் ஜனாதிபதி சாடி கார்னோ லியோன் நகரில் கத்திக்குத்துக்கு உள்ளாகி, கல்லீரலுக்குப் போகும் பெரிய நாளம் அறுபட்டு இறந்தபோது, அதைத் தைக்க யாருக்கும் தெரியவில்லை. அந்த ஊரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அலெக்சிஸ் கரெல், பூத்தையல்காரப் பெண்ணொருவரிடம் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டார். நாய்களில் முயன்று, வட்டமான வாயை மூன்று தையலால் முக்கோணமாக இழுத்துத் தைக்கும் முறையை 1902இல் வெளியிட்டார். 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கு எங்கள் விறாந்தையில் தைப்பதும் அதன் வழிவந்த தையல்தான்.

எனக்கு இவர்களில் மிகவும் பிடித்தவர் விவியன் தோமஸ். மருத்துவப் பட்டம் இல்லாத கறுப்பின உதவியாளர். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் பெருநாடியின் கிளையொன்றை நுரையீரல் நாடியோடு இணைக்கும் அறுவையை நாய்களில் செய்து செய்து சீராக்கியவர் அவர். 1944 நவம்பர் 29இல் நீலம் பாய்ந்த ஒரு குழந்தைக்கு அல்ஃபிரட் பிளேலொக் அதைச் செய்தபோது, தோமஸ் அவருக்குப் பின்னால் ஒரு படிக்கட்டையில் ஏறி நின்று தோளுக்கு மேலால் பார்த்து வழி சொன்னார். அந்தத் தையலை அதிகம் போட்ட கை அவருடையது என்பது பிளேலொக்குக்குத் தெரியும். பயிற்சி மேசையில் பழகிய கைக்கு இப்படி ஒரு மரியாதை கொடுத்த தியேட்டர் அந்தக் காலத்தில் வேறு எது?

ஆனால் இதே வரலாற்றில் விலங்கு மறைத்தவையும் நிறைய. ஆர்தர் வூர்ஹீஸ் நாயின் இதயத்துக்குள் கிடந்த பட்டு நூலின்மேல் மினுங்கும் ஒரு படை வளர்ந்திருப்பதைக் கண்டார். துணியால் பெருநாடி செய்தால் உடம்பு அதற்கு உள்வரிசை போடும் என்று அவருக்குத் தோன்றியது. 1952இல் வின்யோன் துணிக் குழாய்களை நாய்களில் வைத்த முடிவுகளை வெளியிட்டார். செயற்கை கிராஃப்ட் பிறந்தது அங்கேதான். ஆனால் மனித உடம்பில் அந்த உள்வரிசை தையலிலிருந்து ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் தூரம் மட்டுமே வளர்கிறது. நடுப்பகுதி ஆண்டுக்கணக்கில் வெறுந்துணியாகவே கிடக்கிறது. விலங்கு எங்களைவிட நன்றாக ஆறுகிறது. கிராஃப்டை நாயில் மட்டும் பார்த்தவர் மனிதனில் அது எவ்வளவு வெறுமையாக இருக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்.

மறுபக்கமும் உண்டு. விலங்கு எங்களைவிட வேகமாகக் கெடுகிற இடத்தை ஆய்வாளர்கள் வேண்டுமென்றே தேடிப் போகிறார்கள். இளம் செம்மறியில் விலங்குத் திசுவால் செய்த இதய வால்வுகளில் விரைவாகச் சுண்ணாம்பு படிவதால், புதிய வால்வை மனிதனுக்கு வைக்கும் முன் அதில் வைத்துப் பார்க்கிறார்கள். முயலின் முள்ளந்தண்டு நரம்புக்கான இரத்தம் பகுதி பகுதியாக வருவதால், சிறுநீரகத்துக்குக் கீழே பெருநாடியைக் கொஞ்ச நேரம் அடைத்தாலே பின்னங்கால்கள் செயலிழந்துவிடும். மனிதனில் பெரும்பாலும் அப்படி ஆவதில்லை. பெருநாடி அறுவைக்குப் பிறகு வரும் கால் வாதத்தைத் தடுக்கும் மருந்துகளைச் சோதிக்க முயலைப் பாவிப்பதற்கு அந்த வித்தியாசமே காரணம். ஆனால் ஓர் அறுவை முறை பாதுகாப்பானதா என்று முயலில் கேட்டால் தப்பான பதில் கிடைக்கும். அதற்குப் பன்றிதான் வேண்டும்.

வீக்கம் எப்படி உருவாகிறது என்பதை அறிய எலிகளைப் பாவிக்கிறார்கள். எலியின் பெருநாடிக்குள் எலஸ்டேஸ் என்ற நொதியைச் செலுத்தி, சுவரின் மீள்நார்களைக் கரைத்து வீக்கம் உண்டாக்கும் முறை 1990இல் வந்தது. இரத்த அழுத்தத்தைக் கூட்டும் ஆஞ்சியோடென்சின் ஏற்றிய சுண்டெலிகளிலும் வீக்கம் வரும், ஆனால் சிறுநீரகத்துக்கு மேலே. எங்கள் தோட்டக்காரருக்கு வந்ததும் பெரும்பாலானோருக்கு வருவதும் கீழே. பெருநாடியை விரியச் செய்யும் பரம்பரை நோயான மார்பன் நோய்க்கு லொசார்ட்டன் மருந்து 2006இல் சுண்டெலிகளில் பெருநாடி வேர் விரிவதை ஏறக்குறைய முழுதாகத் தடுத்தது. உலகமே எதிர்பார்த்தது. 2014இல் 608 பேரில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பழைய மருந்தான அட்டெனலோலைவிட அது மேலானதாகத் தெரியவில்லை. அந்த ஆய்வை வாசித்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மார்பன் உள்ள ஒரு பள்ளிக்கூடப் பெடியனின் தாயிடம் நான் அந்த மருந்தைப் பற்றி அவ்வளவு நம்பிக்கையாகப் பேசியிருந்தேன்.

வளைவுப் பகுதிப் பயிற்சிக்கும் இதே கதைதான். மனிதப் பெருநாடி வளைவிலிருந்து மூன்று கிளைகள் புறப்படும். பன்றியில் இரண்டு. ஆட்டிலும் மாட்டிலும் ஒரே தண்டு எழுந்து பிறகு பிரியும். மூன்று கிளைகளையும் தனித்தனியாக இணைக்கும் அறுவையை ஆட்டில் பழகுகிறேன் என்று எவராவது சொன்னால், முதலில் அந்த வளைவை அவர் அவிழ்த்துப் பார்க்கட்டும்.

உயிருள்ள விலங்கு வேண்டுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். கைப்பழக்கத்துக்கு வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரித்தானியாவில் 1876ஆம் ஆண்டுச் சட்டமே, கைத்திறன் பெறுவதற்காக உயிருள்ள விலங்கில் அறுவை செய்யக்கூடாது என்று விலக்கிவைத்தது. 1959இல் ரசலும் பர்ச்சும் முன்வைத்த மூன்று நெறிகள் இன்றைக்கு உலகெங்கும் விலங்கு ஆய்வின் அடிப்படை: மாற்று வழி இருந்தால் அதை எடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைத் தணி. உயிருள்ள பன்றி கூடுதலாகக் கற்றுத்தருவது இரண்டைத்தான்: திரும்பிப் பீறும் இரத்தமும், கிளாம்பைத் தளர்த்தும்போது விழுகிற அழுத்தமும். நானாவின் குழாய் அவற்றைக் காட்டாது. அவற்றைத் தியேட்டரில் மூத்தவருக்குப் பக்கத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

பப்பாசிக்காய்

சரி, மாட்டை விட்டுவிட்டு ஆட்டுக்கு மாறினோம். ஆனால் ஆடும் இளம் மிருகம், அதன் பெருநாடி ஆரோக்கியமானது. அறுபது கடந்த, சுருட்டுப் பிடித்த பெருநாடிக்கு என்ன செய்வது? முட்டை ஓட்டை உடைத்துச் சுவரின் படைகளுக்கு நடுவே செருகி, சுண்ணாம்புப் படிவுபோல ஆக்கப் பார்த்தோம். ஊசி பட்டதும் ஓடு வழுக்கி வெளியே வந்துவிட்டது. சரிவரவில்லை.

வழி சொன்னவர் அந்தப் பெண் வைத்தியர்தான். "சேர், அம்மா ஆட்டிறைச்சிக்குப் பப்பாசிக்காய் போடுவா, பஞ்சு மாதிரி வெந்திடும்" என்றார். பப்பாசிப் பாலில் உள்ள பப்பேன் ஒரு புரதமறுக்கும் நொதி, மீள்நார்களையும் அறுக்கும். எலிக்குள் எலஸ்டேஸ் செலுத்தியவர்கள் செய்ததைத்தான் அந்த அம்மா சட்டியில் செய்துகொண்டிருந்தார். பச்சைப் பப்பாசியைத் துருவி, ஆட்டுக் குழாயின் ஒரு பக்கத்தில் மட்டும் பூசி வைத்தோம். அரை மணித்தியாலத்தில் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறை வெளியில் ஓர் இரவு முழுக்க வைத்தோம். காலையில் தூக்கினால் கூழ். அதன் பிறகு வெயில் விழும் மேசையில் சில மணித்தியாலம் வைத்து, இடைக்கிடை விரலால் அமுக்கிப் பார்த்து எடுத்தோம். ஒரு பக்கம் நல்ல சுவர், மறுபக்கம் நைந்த சுவர். கழுவித் துடைத்து, முதல் கடியை நானே போட்டேன். நூலைத் தூக்கினேன், அறுத்தது. தியேட்டரில் அன்றைக்கு அறுத்த அதே மாதிரி.

நேரமும் சூடும் காயின் முற்றலும் ஒவ்வொரு முறையும் மாறும் என்பதால் இதற்கு ஓர் அளவு சொல்ல மாட்டேன். விரலால் அமுக்கிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பயிற்சியின் விதியையும் மாற்றினோம். முன்பு துவாயில் எத்தனை சிவப்புப் பொட்டு என்று எண்ணினோம். இப்போது அதோடு, தையலைப் பிரித்தெடுத்துச் சுவரில் உள்ள துளைகளையும் பார்க்கிறோம். ஊசியின் பருமனில் வட்டமாக இருந்தால் கை சரி. கண்ணீர்த் துளிபோல நீண்டிருந்தால், கசியாவிட்டாலும் அந்தத் தையல் தோல்வி. முதல் நாள் ரெஜிஸ்ட்ராரின் மாட்டுத் தையல் ஒன்றைப் பிரித்தபோது, பதினான்கு துளைகளில் ஒன்பது நீண்டிருந்தன. அவர் ஒன்றும் பேசாமல் அந்தக் குழாயைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த விறாந்தையில் எல்லாப் பேச்சும் தமிழில்தான். பெடியள் பள்ளிக்கூடத்தில் தொகுதிப் பெருநாடி என்று படித்த சொல்லைத்தான் இங்கேயும் பாவிக்கிறோம். அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, பின்னாளில் மானிப்பாயில் எங்கள் ஆட்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அந்த ஊரிலிருந்து சைக்கிளில் வரக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு, மணிக்கட்டைச் சுழற்று என்பதை வேறு மொழியில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த நோயாளி

பப்பாசி பூசிய ஆட்டுக் குழாய்களில் ரெஜிஸ்ட்ரார் மூன்று மாதம் தைத்தார். முதல் மாதம் அவருடைய துவாய்தான் எல்லோரையும்விடச் சிவப்பு. கையைத் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம். தூக்கும் பழக்கம் களைக்கும்போது திரும்பி வரும். அதனால் பயிற்சியின் கடைசி அரை மணித்தியாலத்தில்தான் அவருடைய துளைகளைப் பார்ப்பேன்.

பிறகு ஒரு பெருநாடி வீக்கம் வந்தது. 71 வயது, இன்னொரு சுருட்டுக்காரர். மேல் இணைப்பின் பின்சுவரை அவரிடம் கொடுத்தேன். நான் எதிர்ப்பக்கம் நூலைப் பிடித்தேன், இந்த முறை அவருடைய மணிக்கட்டை மட்டும் பார்த்தபடி. ஆறாவது கடியில் ஊசி சுண்ணாம்பில் தட்டி நின்றது. அவர் தள்ளவில்லை. ஊசியைப் பின்னால் எடுத்து, அரை சென்ரிமீற்றர் மேலே நல்ல இடம் பார்த்து, திரும்பவும் நேராக நுழைத்து, கடைசிவரை சுழற்றினார். நுனி வெளியே வந்ததும் இடது கைப் பிடிகருவியால் சுவரை அணைத்துக்கொண்டு, வளைவின் வழியே ஊசியை வெளியே எடுத்தார்.

கிளாம்பைத் தளர்த்தினேன். மூன்று துடிப்பு, நான்கு, பத்து. பின்னால் காய்ந்திருந்தது.

"மிஸ், ஒரு வெள்ளைத் துணி தாங்கோ" என்று கேட்டு, அதைக் கிராஃப்டின் பின்னால் மெல்லச் செருகி எடுத்துப் பார்த்தார் அவர்.